பூஜ்ஜியம் என்றால் பின்னணி

மூன்றரைக்கே இருட்டிவிட்டது தார்த்துவில்.
எதிர்க்கட்டடப் படியில் யாரோ
காலணியிலிருந்து பனியைத் தட்டுகிறார்கள்.
நான் எலியின் ஈரலுக்குள் இருக்கிறேன்.

இயந்திரம் முன்னமே வரைந்து வைத்திருக்கிறது.
அறுநூற்றுப் பன்னிரண்டு செல்கள்.
செல்லுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு நிறம்.
அது செய்த தப்பைத் திருத்துவது என் வேலை.
சம்பளம் படக்கணக்கில்,
செல் கணக்கில் அல்ல.

சாயத்தின் கசட்டைச் செல் என்கிறது.
ஒரு காற்றுக்குமிழிக்கு 88 என்று பெயர் சூட்டி
ஊதா உடுத்தி உட்கார்த்தியிருக்கிறது.
அழித்தேன்.
பூஜ்ஜியம் என்றால் பின்னணி.
பூஜ்ஜியத்துக்கு நிறம் கிடையாது.

ஈரல் செல்லுக்குள் இரண்டு உட்கரு இருப்பது சகஜம்.
அது இயந்திரத்துக்குத் தெரியாது.
இரண்டைக் கண்டதும் நடுவே கோடு கிழித்துப்
பாகப்பிரிவினை செய்துவிடுகிறது.
212 ஆரஞ்சு, 213 நீலம்.
நான் நீலத்தைத் தொட்டு 212 என்கிறேன்.
நீலம் இருந்த இடம் தெரியவில்லை.
சண்டையே போடாதவர்களுக்கு
நான் செய்துவைத்த சமாதானம்.

உண்மையிலேயே இரண்டு பேர்
தோளோடு தோள் நெருக்கி நின்றாலோ
ஒரே போர்வையை இழுத்துப் போர்த்திவிடும்.
அங்கே நான் வெட்ட வேண்டும்.
எங்கே என்பதுதான்.
தூரிகையின் அகலம் மூன்று புள்ளி.
பெரிதாக்கினால் சவ்வு தெளியும் என்றார்கள்.
பெரிதாக்கினால் சதுரங்கள்தான் பெரிதாகின்றன:
சாம்பல், கொஞ்சம் கூடுதல் சாம்பல்,
அடுத்தது எந்தப் பக்கத்தையும் சேராத ஒன்று.
இடக்கைச் சுண்டுவிரல் எந்நேரமும்
செய்ததைச் செய்யாததாக்கும் விசையின் பக்கத்திலேயே
படுத்துக் கிடக்கிறது.

ஹெல்வே எனக்குப் பக்கத்து மேசை.
கறுப்பு ரொட்டியும் எண்ணெய் மீனும் தின்ற விரலோடு
சவ்வுக்கு வெளியே கோடு போடுகிறாள்.
அவள் வரைந்த செல் எல்லாம் சற்றுப் பருமன்.
எனக்கும் அவளுக்கும்
நூற்றுக்கு எண்பத்தொன்பது ஒத்துப்போகிறதாம்.
மீதிப் பதினொன்றைப் பற்றி
நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதில்லை.

திங்கள் காலை உர்மாஸ் கூப்பிட்டார்.
417-ஆம் படமும் 538-ஆம் படமும் ஒரே படம்,
திருப்பி வைத்துக் கலந்துவிட்டேன், கோபிக்காதே என்றார்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நான்.
தெரியவில்லை.

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டினார்.
நவம்பரில் நான் வரைந்தது, ஜனவரியில் நான் வரைந்தது.
ஒத்துப்போன இடம் வெள்ளை, போகாத இடம் சிவப்பு.
ஒவ்வொரு செல்லைச் சுற்றியும்
பல் துலக்கும்போது கசிந்த மாதிரி
மெல்லிய சிவப்பு.
நடுவில் ஒன்று முழுக்கச் சிவப்பு:
நவம்பர்க்காரி ஒன்று என்றிருக்கிறாள்,
ஜனவரிக்காரி இரண்டு என்று வெட்டியிருக்கிறாள்.
இருவரும் சந்தேகக் கொடி வைக்கவில்லை.
நவம்பரில் என்ன நினைத்தேனோ.
பல்வலியாக இருந்திருக்கும்.

எது சரி என்று கேட்டேன்.
ஹெல்வேயிடம் தோற்றிருந்தால்
இவ்வளவு மெதுவாகக் கேட்டிருக்க மாட்டேன்.
உர்மாஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
இரண்டும் எனக்கு வேண்டும்,
உன் கை எவ்வளவு தடுமாறுகிறது என்பதும் ஓர் அளவுதான்.
குறித்துக்கொண்டார்: நான்கு புள்ளி.

தூரிகையைவிட ஒரு புள்ளி அகலம்.

மாலை பாலத்தின் மேல் நடந்தேன்.
ஆறு பாதி உறைந்திருந்தது.
பனிக்கட்டி எங்கே முடிகிறது என்று
பார்க்காமலிருக்க முயன்றேன்.

பேருந்து நிறுத்தத்தில்
கனத்த கறுப்பு அங்கிகளில் இரண்டு பேர்,
அல்லது முதுகில் எதையோ சுமந்த ஒருவர்.
விளக்கு அவர்களுக்குப் பின்னால்.
இரண்டு மூச்சு போல வெள்ளைப் புகை,
மேலே போய் ஒன்றாகிவிட்டது.
கையுறைக்குள் என் சுண்டுவிரல் அசைந்தது.

இரண்டாம் எண் வந்து நின்றது.
கதவு திறந்தது.
ஒருவர்தான் ஏறினார்.